செம்பு வாங்கிக் குவித்த கரடி

செம்மண் காடு ஒன்றில் மருதன் என்றொரு கரடி இருந்தது. செம்புத் தகட்டை உலையில் காய்ச்சித் தட்டி, குடமும் அண்டாவும் செய்வது அதன் தொழில். தகடு விற்றது நரி.

ஒரு நாள் நரி, "மருதா, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மலையில் செம்பு தீரப்போகிறது. வேண்டியதை இப்போதே எடுத்துக்கொள்" என்றது.

கரடி நம்பவில்லை. ஆனால் மறுநாள் சந்தைக்குப் போனால், குரங்கு தகடுகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே முயலும் ஒரு கட்டோடு வந்தது.

"முயலே, உனக்கு எதற்குச் செம்பு?"

"எனக்கென்ன தெரியும்? குரங்கு வாங்கியதே!"

நேற்றுவரை ஒரு குடம் தேனுக்குக் கிடைத்த தகட்டுக்கு நரி இன்று இரண்டு குடம் கேட்டது. 'விலை ஏறுகிறதென்றால் செய்தி உண்மைதான்' என்று நினைத்தது கரடி. வீட்டுத் தேனையெல்லாம் கொண்டுவந்து கொட்டியது. தேன் தீர்ந்ததும், "அதனால் என்ன? உன்னிடம் கரி இருக்கிறதே" என்றது நரி.

கரடியின் மனைவிக்கு மனம் கேட்கவில்லை. "கரியையும் கொடுத்துவிட்டு உலையை எதை வைத்து மூட்டுவீர்கள்?"

"இந்தத் தகட்டை விற்றால் மலை மலையாகக் கரி வாங்கலாம்" என்று சொல்லிவிட்டு, கரியையும் அள்ளிக் கொடுத்தது கரடி.

மழைக்காலம் வந்தது. காட்டில் ஒரு சுள்ளிகூடக் காய்ந்து கிடக்கவில்லை. நனைந்துகொண்டே ஒரு தாய் யானை வந்து கரடியின் குகை வாசலில் நின்றது.

"மருதா, என் கன்றுக்குக் காய்ச்சல். வெந்நீர் ஊற்றி உடம்பைத் துடைக்க வேண்டும். ஓர் அண்டா செய்து தருவாயா?"

குகை நிறையச் செம்பு இருந்தது. உலைக்கு ஒரு பிடி கரி இல்லை. கரடி நரியிடம் ஓடியது.

அங்கே குரங்கும் முயலும் தகடுகளோடு நின்றன. அன்று காலைதான் மலையிலிருந்து கழுதைகள் புதுச் செம்பு சுமந்து வந்திருந்தன. செம்பு தீரவே இல்லை.

"எல்லோரும் விற்க வந்தால் வாங்குவது யார்?" என்றது நரி. "ஒரு கூடை கரி வேண்டுமென்றால் பத்துத் தகடு கொடு."

கரடி கன்றை நினைத்துக்கொண்டு பேரம் பேசாமல் கொடுத்தது. கூடையைத் தழையால் மூடி, நனையாமல் வீடு சேர்த்தது. அண்டாவைத் தட்டி முடித்து, அதே உலைத் தீயில் வெந்நீரும் போட்டது. மாலைக்குள் கன்றுக்கு வியர்த்தது. காய்ச்சல் இறங்கியது.

"உனக்கு என்ன தரட்டும்?" என்றது தாய் யானை.

"இப்போது ஒன்றும் வேண்டாம். கன்றைப் பாருங்கள்" என்றது கரடி.

யானை போனதும் கரடி தகடுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டது. மனைவி வீட்டில் மிச்சமிருந்த கிழங்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தது.

"சாப்பிடுங்கள். செம்பு கெட்டா போகும்? மழை விட்டதும் ஒவ்வொன்றாய்க் குடம் செய்வோம்."

கரடி தலை நிமிராமல், கிழங்கில் பாதியை மனைவி பக்கம் நகர்த்தியது.

நீதி: ஊரே வாங்குகிறதே என்று வாங்காதே, உனக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்து வாங்கு.