எட்டாவது சான்றிதழ்

கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மேலாளராக வந்த ஞானப்பிரகாசம், குடியிருப்பு நிர்வாகத்தில் ஏழு சான்றிதழ்கள் பெற்றவர். ஏழையும் கண்ணாடிச் சட்டமிட்டு அலுவலகச் சுவர் நிறைய மாட்டினார். மாட்டிய கையோடு, பதினோர் ஆண்டுகளாக அக்கட்டடத்தைப் பராமரித்துவந்த செங்கமலத்தை அழைத்தார்.

"சர்ட்டிபிகேட் இல்லாதவங்களுக்கு இங்க வேலை இல்லம்மா. நாளைக்குச் சங்கக் கூட்டத்துல பரீட்சை வைப்பேன். தேறலைன்னா சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பு."

மறுநாள் அதே அலுவலகத்தில், சங்கத் தலைவி ரஹ்மத் பீவியின் முன்னிலையில், மேலாளர் கனைத்துக்கொண்டு கேட்டார்: "இந்த ரூம்ல தீப்பிடிச்சா மொதல்ல என்ன செய்வே?"

"தீத்தடுப்புக்கு நீங்க வாங்கின சர்ட்டிபிகேட்டைக் கழட்டுவேன் சார்."

கூட்டம் சிரித்தது. "கொழுப்பைப் பாத்தீங்களா!" என்று மேலாளர் சீறினார்.

செங்கமலம் நிதானமாகச் சென்று அந்தச் சட்டத்தைக் கழற்றினாள். அதன் பின்னே, சுவர்மாடத்தில், சிவப்பு நிறத் தீயணைப்புக் கருவி இருந்தது.

"மாட்டறப்பவே சொல்ல வந்தேன் சார். படிக்காதவ பேசாதேன்னுட்டீங்க."

ரஹ்மத் பீவி மேலாளரிடம் திரும்பினார். "வருஷா வருஷம் பயிற்சி வகுப்புக்குப் போகணும்னீங்களே சார், இந்த வருஷம் இங்கேயே வச்சுக்கலாம். செங்கமலம் நடத்தட்டும்."

வகுப்பு முடிந்து எட்டாவது சான்றிதழில் செங்கமலம் கையொப்பமிட்டாள். அதை எங்கே மாட்டலாம் என்று மேலாளர் அவளிடமே கேட்டார்.