வரவில்லை என்று சொல்ல ஓர் ஆள்

திருப்பூரில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். சீடருக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

சீடர் ஆதிமூலம் தொலைபேசித் துறையில் காலம் தள்ளி விருப்ப ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார மனமில்லாமல் சட்டம் படித்தார். கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வக்கீல் குணவதியிடம் ஜூனியராகச் சேர்ந்தார். சீடர் குருவை மேடம் என்பார், குரு சீடரை சார் என்பார். புதிதாக வரும் கட்சிக்காரர்கள் முதலில் பெரியவரைத்தான் கும்பிடுவார்கள். அவர் கையை நீட்டி அடுத்த மேஜையைக் காட்டுவார்.

அன்று குணவதிக்குத் தொண்டை கட்டியிருந்தது. சுக்குக் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆதிமூலம் எழுதிய பதில் மனுவைப் படித்து முடித்தார்.

"ஓட்டையே இல்ல சார். நல்லா எழுதியிருக்கீங்க."

"அதனாலதான் மேடம் மனசு சரியில்ல."

விஷயம் இதுதான். சென்னியப்பன் என்பவருடைய பனியன் கம்பெனியில் தெய்வானை என்று ஒரு டெய்லர். அவள் மகனுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. அவள் வேலையில் இருப்பதால் கிடைத்த இ.எஸ்.ஐ. கார்டில்தான் வைத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. பையன் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்ததும், வேண்டிக்கொண்டபடி பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை கம்பெனி கேட்டில் முகம் பார்த்து வருகை பதியும் ஃபேஸ் மெஷினுக்கு முன்னால் போய் நின்றாள். மெஷினுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

புதிதாக முகம் பதிய வேண்டுமானால் உள்ளே ஆபீசுக்குப் போக வேண்டும். தொழிலாளி உள்ளே போக வேண்டுமானால் முகம் பதிந்திருக்க வேண்டும். வாட்ச்மேன் மேனேஜருக்குப் போன் போட்டார். மேனேஜர் மெஷின் விற்றவர்களுக்குப் போன் போட்டார். கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரும் என்றார்கள். ஆள் வந்து சேருவதற்குள் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. இவள் வேலைக்கு வரவில்லை, ஆகவே வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று பெயரை எடுத்துவிட்டது. கார்டு இன்னும் கொஞ்ச காலம்தான் செல்லும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தெய்வானை தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். முதலாளி குணவதியிடம் வந்தார்.

யாரும் அவளை நீக்கவில்லை, அவளாகவே நின்றுவிட்டாள், இதோ மெஷினின் பதிவு என்று ஆதிமூலம் எழுதியிருந்தார். வேலையில் சேரும்போதே அவள் எல்லா விதிகளுக்கும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டதையும் மறக்காமல் சேர்த்திருந்தார்.

"அந்தம்மா தினமும் வந்து கேட்டுல நின்னிருக்கு மேடம். மெஷின் கணக்குல வரல, நெசத்துல வந்திருக்கு. இதுக்கு யாரு பொறுப்பு? மெஷினா, வித்தவனா, முதலாளியா? எந்தச் சட்டத்தைப் புரட்டுனாலும் பிடி கிடைக்கல."

குணவதி ஒரு வாய் காபி குடித்தார்.

"இதோட வைக்கற பிரமாணப் பத்திரம் யார் பேர்ல?"

"இன்னும் பேர் போடல."

"கடைசி வரியை வாசிங்க."

ஆதிமூலம் வாசித்தார். "மேற்கண்ட சங்கதிகள் யாவும் நான் நேரில் அறிந்தவரை உண்மை."

"அப்படி நேர்ல அறிஞ்ச ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. நாளைக்கே தாக்கல் பண்ணிரலாம்."

"நான் கேட்டதுக்கு..."

"கையெழுத்து வாங்கிட்டு வாங்க சார்."

ஆதிமூலம் பஸ் ஏறினார். உட்கார இடம் கிடைக்கவில்லை. மூட்டுவலி ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். இந்த வயதில் தனக்கு இது தேவையா என்று கம்பியைப் பிடித்தபடி தன்னையே திட்டிக்கொண்டார்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"எனக்காக வந்த வக்கீலுங்களா?"

"இல்லம்மா. நான் கம்பெனி வக்கீல்."

"ஓ." அவள் ஒதுங்கி வழிவிட்டாள். "பரவாயில்லீங்க. உள்ள போனீங்கன்னா, நான் இங்கதான் இருக்கறேன்னு சொல்லிருங்க."

ஆதிமூலத்துக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

மேனேஜர் மரியாதையாக நாற்காலி போட்டார். கையெழுத்து என்றதும் நாற்காலியைப் போட்ட கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ரிப்போர்ட்டுல வரலைன்னு இருக்குதுங்க. அதையே வெச்சுக்கலாமே."

"ரிப்போர்ட் இருக்கட்டும். நீங்க நேர்ல பாத்தீங்களா, வரலைன்னு?"

"நேர்லன்னா... வந்து நின்னாங்களே. நாந்தானுங்களே கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன்."

தையல் பகுதியின் சூப்பர்வைசர் அம்மாளைக் கூப்பிட்டார்கள். டீ நேரத்தில் தினமும் கேட்டுக்குப் போய் தெய்வானையோடு பேசிவிட்டு வருவதாகவும், அப்படியிருக்க வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது என்றும் அந்த அம்மாள் திருப்பிக் கேட்டார். வாட்ச்மேன் பேப்பரையே தொடவில்லை.

"என்ர பேர்ல அது வேண்டாமுங்க. சாமிக்கு முடி குடுத்துட்டு வந்திருக்குது."

மெஷின் விற்றவர்களுக்கு ஆதிமூலமே போன் போட்டார். மெஷின் மட்டும்தான் தங்களுடையது, அதிலிருக்கும் விவரமெல்லாம் கம்பெனியுடையது என்று இனிமையாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

கடைசியில் முதலாளி அறை. சென்னியப்பனுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வெளிநாட்டுக்குச் சரக்கு ஏற்ற வேண்டிய அவசரம்.

"இதுக்குப் போயி இத்தனை பேர்த்துகிட்ட அலையறதா? கொண்டாங்க, நானே போடறேன்."

பேனாவைத் திறந்துவிட்டார். ஆதிமூலம் பேப்பரைக் கொடுக்கவில்லை.

"படிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்கணும். அது முறை."

"படிங்க, படிங்க."

ஆதிமூலம் முழுவதையும் படித்தார். மூச்சு வாங்கிக்கொண்டு கடைசி வரிக்கு வந்தார். முதலாளி நிமிர்ந்தார்.

"நேர்ல அறிஞ்சவரைன்னா?"

"நீங்க கண்ணால கண்டது."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் பேனாவை மூடினார்.

"கார் உள்ள வர்றப்ப தெனமும் பாக்கறனுங்க. ஒதுங்கி நின்னு கும்புடுது. நானும் தலையாட்டீட்டுத்தான் வாறேன்."

மூடிய பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"இப்படி நாலு பேர்த்தைக் கேட்டுட்டு நிக்க வேண்டாம்னுதானே மெஷினே வெச்சது. வெளிநாட்டுல சரக்கு வாங்கற பையர் கேட்டான், வெச்சேன். இப்ப மெஷின் தப்புன்னு நான் எழுதிக் குடுத்தா, ஆடிட்டுக்கு வர்றவன் ஆர்டரையே தூக்கீட்டுப் போயிருவான். நான் என்னதான் பண்றது? உங்க மேடத்துக்குப் போடுங்க போனை."

போனில் குணவதியின் குரல் கரகரவென்று வந்தது. முதலாளி சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வந்தாங்கன்னு சொல்ல மெஷின் போதுமுங்க. வரலைன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். மெஷின் தப்புன்னு நீங்க எழுத வேண்டாம். மெஷினுக்குத் தெரியலைன்னா ஆள் பாத்து உள்ள விடறதுன்னு ஒரு விதி போட்டு வைங்க. ஆடிட்டுல கேட்டா அதைக் காட்டுங்க."

இருமல் வந்தது. போன் நின்றுவிட்டது.

சென்னியப்பன் போனை ஆதிமூலத்திடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டார்.

"அந்தப் புள்ளைய உள்ள வரச் சொல்லு. பேரைப் பழைய தேதியிலயே சேர்த்திரு. கார்டு விட்டுப் போகக் கூடாது."

ஆதிமூலம் கேட்டுக்கு வந்தபோது விஷயம் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. தெய்வானை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் நேராக மெஷின் முன்னால் போய் நின்றாள். தலைத்துண்டை எடுத்துவிட்டு முகத்தைக் காட்டினாள். மெஷின் அப்போதும் அவளைத் தெரியாது என்றே சொன்னது. வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

ஆதிமூலம் அலுவலகத்துக்குத் திரும்பியபோது குணவதி கைப்பையை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். கையெழுத்தில்லாத பத்திரத்தைச் சீடர் மேஜைமேல் வைத்தார்.

"ஒருத்தரும் போடல மேடம்."

"ம்."

"போட மாட்டாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?"

"தெரியாது சார். யாராவது போட்டிருந்தா நாளைக்குத் தாக்கல் பண்ணியிருப்பேன்."

ஜன்னலைச் சாத்தப் போன ஆதிமூலம் அங்கேயே நின்றுவிட்டார். கேட்பதா வேண்டாமா என்று தயங்கிக் கடைசியில் கேட்டேவிட்டார்.

"இனிமே கையெழுத்தையும் மெஷினே போடும். அதுவும் செல்லும்னு சட்டம் வந்துடும். அப்ப என்ன மேடம் பண்றது?"

குணவதி விளக்கை அணைத்தார்.

"அப்பவும் கேட்டுக்கு வெளிய யாராவது நின்னுட்டு இருப்பாங்க சார். நீங்க பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வாங்க."