ஏகமனதாக நிறைவேறிய சேவல் சட்டம்

முன்னொரு காலத்தில் தும்பை நாட்டை மதிசேகரன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆனால் அங்கே சட்டம் செய்வது ராஜா இல்லை. ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை. சபைக்கும் மேலே ஒரு மூலசாசனம். ராஜாவின் கொள்ளுத்தாத்தா கால் சுளுக்கிக் கிடந்தபோது எழுதி வைத்தது. அதனால், "அரசர் சபைக்குள் நொண்டியடித்தே வரவேண்டும்" என்று அதில் இருந்தது. அதில் ஓர் எழுத்தை மாற்றவும் உறுப்பினர் அத்தனை பேரும் கை தூக்கியாக வேண்டும்.

உறுப்பினர்களில் கொட்டாவியார் என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு கிழவர் இருந்தார். இருக்கையில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். அவர் கை எழும்பியதே இல்லை. ராஜாவுக்கோ முழங்கால் பூசணிக்காயாய் வீங்கிவிட்டது.

சேனாதிபதி சண்டப்பிரசண்டருக்கு மந்திரி இளவெயினியின் பதவிமேல் ஒரு கண். "மகாராஜா, அந்த நேரம் சபையில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால் சாசனம் மாறட்டும். மந்திரியம்மா தடுப்பார் பாருங்கள். நீங்கள் நொண்டுவதில் அவருக்கு அப்படியோர் ஆனந்தம்!" என்றார்.

நொண்டும் விதி தொலையவேண்டும் என்பதில் இளவெயினிக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் குறுக்கே புகுந்தாள்.

"அரசே, அந்த ஒரு விதியை மட்டும் மாற்றுவோம். கதவு இறுகிப்போச்சு என்று அதைக் கழற்றி அடுப்பில் வைத்தால், வீட்டுக்குள் நாயும் வரும்."

"வலி உமக்கா, எனக்கா? நாளை இது நிறைவேறாவிட்டால் உம் முத்திரை மோதிரம் சேனாதிபதிக்கு!"

மறுநாள் சண்டப்பிரசண்டர், கொட்டாவியார் மணிக்கட்டில் கயிறு கட்டி, உத்தரத்தில் போட்டு இழுத்தார். கை எழும்பியது. கிழவர் குறட்டை விட்டார். சபையில் ஓர் உறுப்பினரான இளவெயினியும் கை தூக்கினாள். சட்டம் நிறைவேறிற்று; கையோடு நொண்டும் விதியும் போயிற்று. ராஜா இரண்டு காலாலும் குதித்தார். உடனே விருந்து! பாயச வாசனைக்குக் கொட்டாவியாரே விழித்து ஓடினார்.

இளவெயினி மட்டும் எழவில்லை. காலி சபையில் ஒரு தீர்மானம் வாசித்தாள், எதிர்ப்பு உண்டா என்று சுற்றிலும் பார்த்தாள், கை தூக்கினாள்.

பந்தியில் பாதி பாயசம் இறங்குமுன் காவலர்கள் வந்து சண்டப்பிரசண்டர் கழுத்தில் மணி கட்டினார்கள். "சேனாதிபதி இனி பட்டத்து யானை!" என்று புதிய சட்டத்தை வாசித்தார்கள். பாகன் அவர் தோளில் ஏறி உட்கார்ந்தான். "அரசர் இனி அரண்மனைச் சேவல். விடியலில் கூவவேண்டும்!"

"எவன் போட்டது இந்தச் சட்டம்?" என்று கத்தினார் ராஜா.

"சபைதான் அரசே. ஏகமனதாக," என்றாள் இளவெயினி.

"எத்தனை பேர் இருந்தார்கள்?"

"நான் இருந்தேன்."

"மூலசாசனத்தில் யாரும் விரல்கூட வைக்கக் கூடாது! எல்லாம் பழையபடியே இருக்கட்டும்!" என்று பிளிறினார் சண்டப்பிரசண்டர்.

"பழையபடி என்றால் நான் மறுபடி நொண்டவா?" என்ற ராஜாவுக்குச் சிரிப்பு வெடித்தது, சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. "அமைச்சரே, நீரே வழி சொல்லும்."

"சாசனம் மாற மொத்த உறுப்பினரில் முக்கால்வாசிப் பேர் கை தூக்கட்டும், அரசே. விழித்திருப்பவர் கை. அதற்குமுன் எல்லாரும் வாய்விட்டுப் பேசித் தீர்க்கட்டும்."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "நாளைக் காலையே சபை கூடட்டும்."

"அதுவரை நான்?" மணி குலுங்கக் கேட்டார் சண்டப்பிரசண்டர்.

"அதுவரை சட்டம் சட்டம்தான். பாகா, சாயங்காலம் சுவாமி புறப்பாடு. யானை முன்னால் போகட்டும்!" என்றார் ராஜா.

விடிந்தும் விடியாத வேளையில் ராஜா கிரீடத்தோடு மதில்மேல் ஏறி, தொண்டையைச் செருமிக்கொண்டு கூவினார். சுருதி கொஞ்சம் விலகித்தான் போயிற்று. ஆனால் அன்றைக்குச் சபைக்கு ஒருவரும் தாமதமாக வரவில்லை.