நல்லசிவம் டிராக்குக்குப் போனார்

"இந்த வண்டியில என்னங்க குறை?" என்று கேட்டார் நல்லசிவம்.

ரெஜினா வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார்.

சிவப்பு வண்டி. பின்பக்கம் இறக்கை மாட்டியிருந்தது. சக்கரங்கள் பளபளத்தன. சைலன்சரையும் மாற்றியிருந்தார். வண்டியைக் கிளப்பினால் அடுத்த தெருவில் நாய் குரைக்கும்.

"பிரேக் ஆயில் எப்ப மாத்தினீங்க?"

நல்லசிவம் யோசித்தார். "அதையெல்லாம் மாத்தணுங்களா?"

"போயிட்டு வாங்க."

"எங்கீங்க?"

ரெஜினா பந்தயத் தடத்தை ஒட்டியிருந்த தன் ஷெட்டுக்குள் போய்விட்டார்.

*

நல்லசிவம் திருப்பூரில் கல்யாண மண்டபம் நடத்துகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். அவிநாசி ரோட்டில் அவரை யாரும் முந்த முடியாது. முந்த விடமாட்டார். பின்னால் ஹாரன் அடித்தால் இன்னும் நடுவில் போவார்.

அவருக்கு ஒரு மச்சினன். பெயர் நவநீதன். சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க அவ்வப்போது ஒரு நாள் திறந்துவிடுவார்கள். டிராக் டே என்பார்கள். பந்தயம் கிடையாது, பரிசும் கிடையாது. நவநீதன் ஒன்று விடாமல் போவான்.

ஒரு காதுகுத்து விருந்தில், பந்தியில் வைத்து அவன் சொன்னான்.

"மாமா வீரமெல்லாம் லாரிக்காரங்ககிட்டதான். டிராக்குக்கு வரச் சொல்லுங்க, பார்ப்போம்."

பந்தியே சிரித்தது. நல்லசிவத்தின் மனைவியும் சிரித்தாள்.

மற்றவர்கள் சிரித்ததைக்கூட அவர் மறந்திருப்பார்.

மறுநாளே அடுத்த டிராக் டேவுக்குப் பெயர் கொடுத்தார். முதல்முறை வருகிறவர்கள் ஒரு பயிற்சியாளரிடம் தயாராகி வர வேண்டும் என்றார்கள். விசாரித்த இடத்தில் எல்லாம் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். ரெஜினா. தூத்துக்குடிக்காரர். பல வருஷம் பந்தயத்தில் ஓட்டியவர். நல்லசிவத்தை விட வயதில் மிகவும் சின்னவர்.

"ஒரு பொம்பளப் புள்ளகிட்டயா?" என்று நல்லசிவம் தயங்கினார்.

வேறு யாரும் கிடைக்கவில்லை. போனார்.

*

அடுத்த ஞாயிறு.

"பிரேக் ஆயில் மாத்தியாச்சு. பிரேக் பேடும் புதுசு. டயரும் புதுசு. இப்ப ஓட்டலாங்களா?"

"வண்டியைக் காலி பண்ணுங்க."

நல்லசிவம் டிக்கியைத் திறந்தார். குடை. ஜாக்கி. மண்டபத்து ஜமக்காளம் இரண்டு. யாரோ விட்டுப்போன தாம்பாளம். எல்லாவற்றையும் எடுத்து வெளியில் வைத்தார். சட்டை நனைந்துவிட்டது.

"காலிங்க."

ரெஜினா ஏறி உட்கார்ந்தார். வண்டியை ஷெட்டுக்கு முன்னால் இருந்த மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் போய் பிரேக்கை அழுத்தினார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு வந்தது. பிரேக் பெடலுக்குக் கீழே போய்ச் சிக்கிக்கொண்டது. பெடல் இறங்கவில்லை.

கைப் பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்தினார். பாட்டிலை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

நல்லசிவம் வாங்கிக்கொண்டார்.

"இப்ப காலிங்க."

ரெஜினா மறுபடி ஓட்டினார். மறுபடி அழுத்தினார். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் பிய்த்துக்கொண்டு கண்ணாடியில் மோதி அவர் மடியில் விழுந்தார்.

"அம்மிணி! அது சாமி!"

"தெரியுது."

"சாமியை எடுக்கச் சொல்றீங்களா?"

"உள்ளே இருக்கற எல்லாரும் பெல்ட் போடணும்," என்றார் ரெஜினா. "இவருக்குப் பெல்ட் இல்லை."

பிள்ளையாரைத் துண்டில் சுற்றிக்கொண்டு நல்லசிவம் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனார்.

*

அதற்கு அடுத்த வாரம், சீட்டில் ஏறி உட்காரச் சொன்னார் ரெஜினா. நல்லசிவம் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு கை ஸ்டியரிங்கில். இன்னொரு கை ஜன்னலில்.

"டிவி பார்க்க வந்தீங்களா?"

சீட்டை முன்னால் தள்ளி நிமிர்த்தினார். முழங்கால் மடங்கியது. முதுகு நேரானது. நல்லசிவத்துக்கு லைசென்ஸ் எடுக்கப் போன நாள் ஞாபகம் வந்தது. அவமானமாக இருந்தது.

"இப்படி உட்கார்ந்தா தொப்பை இடிக்குதுங்க."

"யாருக்கு?"

நல்லசிவம் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இறங்குங்க. நடக்கலாம்."

"எங்கீங்க?"

"டிராக்ல."

வெயில் சுள்ளென்று அடித்தது. தார் கொதித்தது. ரெஜினா முன்னால் நடந்தார். நல்லசிவம் பின்னால் மூச்சிரைக்க வந்தார். ஒவ்வொரு வளைவிலும் ரெஜினா நின்றார். குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். தூரத்தில் எங்கேயோ பார்த்தார்.

"மேடம், நடக்கறதுக்கு எங்க ஊர்ல பார்க் இருக்குதுங்க."

ரெஜினா நடந்தார்.

ஒரு வளைவில் கறுப்பாக இரண்டு டயர் கோடுகள். தடம் வலப்பக்கம் திரும்பியது. கோடுகள் திரும்பவில்லை. நேராகச் சுவருக்குப் போயின.

நல்லசிவம் நின்றார். "இது யாருங்க?"

"இவரும் வண்டியில என்ன குறைன்னுதான் கேட்டார்."

அன்று வீட்டில் மனைவி கேட்டாள். "என்ன கத்துக் குடுத்தாங்க?"

"நடக்க," என்றார் நல்லசிவம். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

*

அந்த நாள் வந்தது.

காலையில் எல்லாரையும் உட்கார வைத்துக் கொடிகளைப் பற்றிச் சொன்னார்கள். சிவப்புக் கொடி தெரிந்தால் ஓட்டத்தை நிறுத்தித் தடத்தை விட்டு உள்ளே, வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வர வேண்டும். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து. வேகமாக வருகிறவனுக்கு ஜன்னலில் கையைத் தூக்கி வழிவிட வேண்டும். உள்ளே திரும்பி வருவதற்கும் கையைத் தூக்க வேண்டும்.

நல்லசிவம் கேட்கவில்லை. அவர் நவநீதனின் நீல வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவநீதன் கையசைத்தான். "மாமா! வண்டி சூப்பர். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடறீங்களா?"

"ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டார் ரெஜினா.

"எனக்கென்னங்க, வண்டியைப் பாருங்க."

"தூங்கினீங்களா?"

"கொஞ்சம்."

"சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு இட்லி."

ரெஜினா ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார். முழுவதும் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

முதல் ஓட்டம். ரெஜினா பக்கத்து சீட்டில். நல்லசிவம் ஹெல்மெட்டுக்குள் வியர்த்தார். ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார்.

"மூச்சு விடுங்க," என்றார் ரெஜினா.

அப்போதுதான் நல்லசிவத்துக்குத் தெரிந்தது, அவர் மூச்சு விடவில்லை.

பின்னால் ஒரு வண்டி வந்தது. சின்ன வண்டி. காய்கறி வாங்கப் போகிற மாதிரி வண்டி.

"கையைத் தூக்குங்க."

"இதுக்கா?"

"தூக்குங்க."

"அவிநாசி ரோட்டுல நான் எவனுக்கும்..."

"இது அவிநாசி ரோடு இல்லை."

தூக்கினார். சின்ன வண்டி போனது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் தூக்கினார். அடுத்து நீல வண்டி. நவநீதன் போகிற போக்கில் ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

உள்ளே வந்து இறங்கியதும் நல்லசிவம் ஹெல்மெட்டைக் கழற்றிப் புல்லில் எறிந்தார்.

"கை தூக்கத்தான் வந்தேனுங்களா? பஸ் ஸ்டாப்புல நின்னு தூக்கியிருப்பேனே!"

ரெஜினா ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்தார். டயர்களில் காற்று பார்த்தார். சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தார். மறுபடி தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"வேண்டாங்க."

ரெஜினா கையை இறக்கவில்லை.

நல்லசிவம் பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தார்.

*

இரண்டாவது ஓட்டத்தில் ஏதோ மாறியது. என்ன என்று நல்லசிவத்தால் சொல்ல முடியவில்லை. வளைவு வருவதற்கு முன்பே அவர் கண் வளைவைத் தாண்டிப் போயிருந்தது. பிரேக், திருப்பல், வேகம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ரெஜினா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஓட்டத்துக்கு முன்னால், "தனியாப் போங்க," என்றார்.

"நிஜமாவா?"

ரெஜினா சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

நல்லசிவம் போனார்.

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்து பல வருஷமாகியிருந்தது. வண்டி சொன்னபடி கேட்டது. காய்கறி வண்டி முன்னால் வந்தது. ஒரு கை வெளியே வந்து இவருக்கு வழிவிட்டது. நல்லசிவம் ஹெல்மெட்டுக்குள் கத்திச் சிரித்தார்.

பிறகு நீல வண்டி தெரிந்தது.

ஒவ்வொரு சுற்றிலும் கிட்டே வந்தது. நேர்பாதை முடிகிற இடத்தில் நவநீதன் சீக்கிரமே பிரேக் பிடிக்கிறான் என்று நல்லசிவம் கண்டுகொண்டார். பயப்படுகிறான். தனக்கு அவ்வளவு சீக்கிரம் பிடிக்க வேண்டியதில்லை. இன்னும் ஒரு சுற்றில் அவன் முதுகில் ஒட்டிக்கொள்ளலாம். அதற்கு அடுத்த சுற்றில் அவன் கையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். நவநீதன், இவருக்குக் கையைத் தூக்குவான். பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அதைச் சொல்லலாம்.

நேர்பாதை முடிந்தது. பிரேக்கை மிதித்தார்.

பெடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உள்ளே போனது.

வண்டியின் வேகம் குறைந்தது. திரும்பியது. எல்லாம் சரியாகவே நடந்தது. மறுபடி மிதித்துப் பார்த்தார். இந்தத் தடவை பழையபடி இருந்தது. இல்லை, இருந்ததுபோல் இருந்தது.

நீல வண்டி கைக்கெட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

"சனியனே," என்றார் நல்லசிவம். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

வேகத்தைக் குறைத்தார். ஓரமாக வந்தார். கையைத் தூக்கினார்.

*

ரெஜினா ஓடி வந்தார். "என்னாச்சு?"

"பெடல் கொஞ்சம் உள்ளே போச்சுங்க."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

நல்லசிவம் இறங்கினார். ரெஜினா ஏறிப் பெடலை மிதித்தார். மறுபடி மறுபடி மிதித்தார். பானட்டைத் திறந்து ஆயிலைப் பார்த்தார். டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தார். நான்கு சக்கரத்துக்கும் போனார். மூக்கை வைத்து மோந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு."

"என்னது?"

"பிரேக்ல ஒண்ணும் இல்லை. கல்லு மாதிரி இருக்கு."

அப்போதுதான் கட்டம் போட்ட கொடியை ஆட்டினார்கள். நாள் முடிந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. நீல வண்டி பக்கத்தில் வந்து நின்றது. நவநீதன் கண்ணாடியை இறக்கினான்.

"என்ன மாமா, பாதியிலயே டீ குடிக்க வந்துட்டீங்க?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். இன்று சாயங்காலத்துக்குள் குடும்பம் முழுக்கத் தெரிந்துவிடும்.

நல்லசிவம் வண்டியின் கதவை அறைந்து சாத்தினார்.

"அம்மிணி, இத்தனை வாரம் நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். சாமியைக் கூட இறக்கி வெச்சேன். வெயில்ல நாய் மாதிரி நடந்தேன். வயிறு முட்டத் தண்ணி குடிச்சேன். அவன் கைக்கெட்டற தூரத்துல இருந்தான். இன்னும் ரெண்டே சுத்து! ஒண்ணுமே இல்லாததுக்கு வண்டியை நிறுத்திட்டு வந்து கேனையனாட்டம் நிக்கறேன். இதுக்காங்க இவ்வளவும்?"

ரெஜினா அவரைப் பார்த்தார். அத்தனை வாரத்தில் முதல்முறையாக முகம் முழுக்கச் சிரித்தார்.

நல்லசிவத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "நீங்களும் சிரிங்க!"

ரெஜினா டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை காலையில வந்துடுங்க."

"எதுக்குங்க? இன்னும் என்னத்தைக் கழட்டணும்?"

"ஓட்டக் கத்துக் குடுக்கறேன்," என்றார் ரெஜினா.