ஒத்துப்போன பதினொரு விநாடி

ஓர் ஊரில் என்று ஆரம்பித்தால் எந்த ஊர் என்று கேட்பீர்கள். கோயம்புத்தூர் பக்கத்தில் ஒரு பஞ்சாலை. அந்தப் பஞ்சாலையில் ஒரு தலைக்கவசம். அதன் நெற்றியில் இரண்டு கேமராக்கள் குடியிருந்தன. இடப்பக்கம் இருந்தவன் இடத்தான், வலப்பக்கம் இருந்தவன் வலத்தான். நடுவில் நாலு விரற்கடை இடைவெளி.

இடத்தானை முதலில் பொருத்தினார்கள். இரண்டு நிமிஷம் கழித்து வலத்தானுக்குத் திருகாணி முடுக்கினார்கள். அந்த இரண்டு நிமிஷத்தை வைத்துக்கொண்டு இடத்தான் பண்ணிய அண்ணன் அதிகாரம் இருக்கிறதே, அப்பப்பா!

இருவருக்கும் அவனவன் படத்தில் அப்படியொரு பெருமை. பெருமைப்படட்டும், தப்பில்லை. தன் படம் மட்டும்தான் படம் என்றார்கள் பாருங்கள், அங்கேதான் வம்பு.

"மேஜைமேல இருக்கிற டம்ளர் ஜன்னல் கம்பிக்கு வலது பக்கம் தெரியுது" என்பான் இடத்தான்.

"கண்ணைத் தொடைச்சுட்டுப் பாருண்ணே. இடது பக்கம்."

"எனக்கே சொல்லித் தர்றியா? நேத்து வந்த பய!"

"ரெண்டு நிமிஷம் முந்தி வந்துட்டா பார்வை கூடிடுமா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இருவரும் விடமாட்டார்கள்.

இவர்களுக்குப் பின்னால், கவசத்துக்குள்ளே, சில்லு என்று ஒருவன் உட்கார்ந்திருந்தான். இரண்டு படங்களையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுவான். "சுவர் ஏழடி, தூண் மூன்றடி" என்று கவசம் போட்டவருக்கு எச்சரிக்கை சொல்வான். விநாடிக்கு முப்பது தடவை இந்தக் கணக்கு. பேச அவனுக்கு நேரம் ஏது? ஆனால் இவர்கள் சண்டை முற்ற முற்ற அவன் முகம் மலர்ந்துவிடும்.

"ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்று இருவரும் சேர்ந்து அவனைத் திட்டுவார்கள். திட்டுவதில் மட்டும் ஒற்றுமை. ஏன்டா சிரிக்கிறாய் என்று ஒருநாளாவது கேட்டார்களா? கேட்கவில்லை.

கவசம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பஞ்சாலையில் ஒரு பொறி விழுந்தால் போதும், குடோனே புகைமண்டலம். அந்தப் புகைக்குள் நடந்து பழக வேண்டும். பழகுவதற்காக நிஜமாகத் தீ வைக்க முடியுமா? கவசத்தைப் போட்டுக்கொண்டால் கண்ணுக்கு முன்னால் பொய்ப்புகை, காதுக்குள் பொய்த்தீயின் இரைச்சல். நிஜமான சுவரும் பள்ளமும் போட்டவருக்குத் தெரியாது. கவசம் சொன்னால்தான் உண்டு. மில்லின் தீயணைப்புக் குழுத் தலைவர் லூர்துராஜ் ஒருநாள் மாலை அதைப் போட்டுக்கொண்டு பழைய குடோனில் நடந்து காட்டுவதாக ஏற்பாடு. அந்தக் குடோனின் ஒரு கோடியில், லாரியில் பேல் என்னும் பஞ்சுப் பொதிகளை ஏற்றுகிற மேடை. நாலரை அடி உயரம். தடுப்புக் கம்பி கிடையாது. கீழே இரும்புத் தள்ளுவண்டிகள்.

அன்று காலையில் மில்லின் பாதுகாப்பு மேனேஜர் நஞ்சப்பன் பார்க்க வந்தார். கவசத்தைச் செய்த எஞ்சினியர் ரிஹானாவின் லேப்டாப்பில் இரண்டு படமும் அக்கம்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன.

"ஏனுங்க அம்மிணி, இதுல டம்ளரு கம்பிக்கு அந்தப் பக்கம், அதுல இந்தப் பக்கம். ஒண்ணு கோளாறுங்க. தப்பாக் காட்டறதைக் கழட்டிப் போடுங்க. ஒரு பொருளைப் பார்க்க ரெண்டு எதுக்கு?"

ரிஹானா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. பேசிக்கொண்டே போயேவிட்டார்.

கேமராக்கள் இரண்டும் வெலவெலத்துப் போயின. கழட்டுவார்களாம்! பெட்டிக்குள் போடுவார்களாம்! நேற்றுவரை வாய் கிழியப் பேசியவர்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள்.

"தம்பி, நம்ம சண்டைதான் நமக்கு எமன். இனிமே ரெண்டு பேரும் ஒரே படம் காட்டுவோம். யாரைக் கழட்டுவான், பார்ப்போம்."

"யார் படத்தைண்ணே?"

"இதென்ன கேள்வி? மூத்தவன் படத்தைத்தான்."

வலத்தானுக்கு நெஞ்சு எரிந்தது. தான் பார்ப்பதை விழுங்கிவிட்டு அண்ணன் பார்த்ததை ஒப்பிக்க வேண்டும். ஆனாலும் இருட்டுப் பெட்டியை நினைத்தான். சரியென்று தலையாட்டினான்.

மாலை நாலு மணி. ரிஹானா மேடைக்குக் கீழே மெத்தை போட வேண்டும் என்றாள். "நெருப்பு வர்றப்போ மெத்தையும் கூட வருமுங்களா?" என்று நஞ்சப்பன் மறுத்துவிட்டார். லூர்துராஜ் சிரித்தார். "இருக்கட்டும் மேடம். உங்க கவசத்துமேல எனக்கு நம்பிக்கை இருக்குது" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கவசத்தை மாட்டினார். புகை எழுந்தது. நடக்க ஆரம்பித்தார்.

இடத்தான் ஒரு படம் அனுப்பினான். வலத்தான் அதே படத்தை வாங்கி, தன்னுடையதென்று அனுப்பினான். மயிரிழை வித்தியாசமில்லை.

சில்லு திடுக்கிட்டான். "என்னடா இது? சுவரைக் காணோம், தூணைக் காணோம், தரையைக்கூடக் காணோம்! எல்லாம் நிலாத் தூரத்துல நிக்குது!"

"ஒற்றுமையா இருக்கோம். உனக்கு வயித்தெரிச்சல்" என்றான் இடத்தான்.

"அட மடையன்களா! தூரத்துல இருக்கிறதைத்தான் நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி பார்ப்பீங்க. ஒரு பொருள் கிட்டே வர வரத்தான் உங்க பேச்சு மாறும். நீங்க எவ்வளவு முட்டிக்கிறீங்களோ அவ்வளவு கிட்டே இருக்குன்னு அர்த்தம். உங்க சண்டையை அளந்துதானே நான் அடிக்கணக்கே சொல்றேன்! சண்டை நின்னா நான் குருடன்டா!"

வலத்தான் அதிர்ந்து போனான். இத்தனை நாளும் இந்தப் பயல் சிரித்தது இதற்காகவா?

அவன் கண்ணுக்கு நேரே மேடையின் விளிம்பு வந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே தள்ளுவண்டியின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. லேப்டாப்பில் அடிக்கணக்கெல்லாம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்த ரிஹானா, "லூர்து அண்ணா, நில்லுங்க!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அவர் காதில் தீ இரைந்துகொண்டிருந்தது. அவள் குரல் எங்கே விழப்போகிறது?

"வாயைத் திறக்காதே" என்றான் இடத்தான். "திறந்தா உன்னைத்தான் கழட்டுவாங்க. தப்பாக் காட்டுறவன் நீதான்னு முடிவாயிரும்."

"கழட்டட்டும்ணே! இந்த மனுசன் நம்மளை நம்பித்தான் காலை எடுத்து வைக்கிறார்." வலத்தான் விழுங்கியதையெல்லாம் கக்கினான். "விளிம்பு நீ சொல்ற இடத்துல இல்லை! இன்னும் இடது பக்கம்! என் கண்ணு பார்க்குது, நான் சொல்றேன், இடது பக்கம்!"

இடத்தானுக்குச் சுருக்கென்றது. பயமெல்லாம் எங்கே போனதோ, பழைய ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரைப் பார்த்துடா சொல்றே? வலது பக்கம்டா! என் பார்வையிலயா குத்தம் கண்டுபிடிக்கிறே?"

"இடது!"

"வலது!"

"போடுங்கடா, அப்படிப் போடுங்க!" சில்லு துள்ளிக் குதித்தான். "என் தங்கங்களா! ரெண்டடி... ஓரடி... பள்ளம்! பள்ளம்!"

கவசம் வீல் என்று அலறியது. பொய்ப்புகை சட்டென்று விலகியது. லூர்துராஜ் தூக்கிய கால் மேடைக்கு வெளியே அந்தரத்தில் நின்றது. அப்படியே பின்னால் சாய்ந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

கவசத்தைக் கழற்றிக் கீழே பார்த்தார். தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பார்த்தார்.

"மேடம், இது என்னைக் கூப்பிட்டு நிறுத்துச்சு" என்றார். "ஆனா கடைசி நொடியிலதான் கூப்பிட்டுச்சு. அதுவரைக்கும் ஏன் சும்மா இருந்துச்சுன்னு பாருங்க."

ரிஹானா லேப்டாப்பைப் புரட்டினாள். பதினொரு விநாடி. அந்தப் பதினொரு விநாடியும் இரண்டு படங்களும் ஒன்றுக்கொன்று அச்சு அசல். பக்கத்தில் நின்ற நஞ்சப்பனிடம் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"சார், நீங்க காலையில கோளாறுன்னு சொன்னீங்களே, அது கோளாறு இல்லை. இதுதான் கோளாறு. ரெண்டும் ஒரே மாதிரி காட்டியிருக்கு. அதனாலதான் பள்ளம் தெரியாமப் போயிருக்கு."

நஞ்சப்பன் கூட்டிப் பார்க்கத் தெரியாதவர் அல்ல. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, தானும் ஒரு கை கொடுத்து, பஞ்சு பேல்களை உருட்டி வந்து மேடைக்குக் கீழே போட்டார். "என் புத்தியைச் சொல்லோணும்" என்று லூர்துராஜிடம் வாய்விட்டுச் சொன்னார். மனுசன், ஒத்துக்கொண்டார்.

ரிஹானா அங்கேயே உட்கார்ந்து சில்லுவுக்குப் புதுக் கட்டளை ஒன்று எழுதினாள். இரண்டு கேமராக்களும் முழுக்க முழுக்க ஒத்துப்போனால், ஒரு விநாடிகூடக் காத்திருக்காதே, உடனே அபாய மணி அடி.

"கேட்டியாடா தம்பி" என்றான் இடத்தான். குரலில் கர்வம் தாங்கவில்லை. "நாம சமாதானமாப் போனா ஊருக்கே ஆபத்தாம்."

"உன்கூட யாருண்ணே சமாதானம் ஆனது?" என்றான் வலத்தான். அவன் குரலிலும் குறைச்சலில்லை.

லூர்துராஜ் எழுந்து கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டார். அன்று பொழுது சாய்வதற்குள் அந்தப் புகைக்குள் ஒன்பது தடவை போய் வந்தார். ஒன்பது தடவையும் விளிம்புக்கு மூன்றடி முன்னாலேயே நின்றார். இடத்தானும் வலத்தானும் ஒரு தடவைகூட ஒத்துப்போகவில்லை.