இடம் எங்களுடையது

டெல்லியிலிருந்து கடைசி உத்தரவு வந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு அடுத்த வருடம் சென்னையும் ஓய்ந்துபோனது.

மேற்கே மலையில் அணைகளைக் கைப்பற்றியவர்கள் தங்களை அணைக் கூட்டரசு என்று சொல்லிக்கொண்டார்கள். கிழக்கே கப்பல்களையும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளையும் பிடித்தவர்கள் துறைமுக ஒன்றியம் ஆனார்கள். இரண்டுக்கும் நடுவே வெள்ளக்கரை என்ற ஊர், நான்காயிரம் பேரோடும் ஒரே ஒரு ஆழ்துளைக் கிணற்றோடும் கிடந்தது.

அந்த ஊருக்குத் தலைவி மகிழினி. ஐம்பது வயது. எங்களோடு சேர்ந்துவிடு என்று இரண்டு அரசுகளும் அவளுக்கு ஒப்பந்தம் அனுப்பியிருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இருவருமே படையோடு வருவார்கள்.

புதன்கிழமை காலையில் அவள் இடுகாட்டுக்குப் போனாள்.

அங்கேதான் திவாகர் இருந்தார். அவளைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். நாடு கலைந்த புதிதில் பத்து மாவட்டங்களைச் சேர்த்து ஒரு கூட்டாட்சி அமைத்தார்கள். அதன் சாசனத்தை எழுதியவர் அவர். அது பதினான்கு மாதம் நின்றது. அதன் பிறகு இந்த ஊருக்கு வந்து, கேட்பாரில்லாத பிணங்களைப் புதைத்துக்கொண்டிருந்தார். ஓர் ஊரை நடத்துவது எப்படி என்று மகிழினி கற்றதெல்லாம் அவரிடம்தான். ஆசான் என்றுதான் கூப்பிடுவாள்.

அவர் குழி வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாயில் சுற்றி ஓர் உடல்.

“ஆசான், எதுல கையெழுத்துப் போடறது?”

“ரெண்டையும் படிச்சீங்களா?”

“மனப்பாடமே ஆயிடுச்சு. மலைக்காரங்க தண்ணி தர்றேங்குறாங்க, படைக்கு ஆள் கேக்குறாங்க. துறைமுகத்துக்காரங்க மருந்து தர்றேங்குறாங்க, நிலத்தைக் கேக்குறாங்க. இன்னும் இருபது வருஷம் கழிச்சு இதுல எது நிக்கும்? அது தெரிஞ்சா போதும் எனக்கு.”

திவாகர் மண்வெட்டியால் பாயைக் காட்டினார்.

“இவர் யாருன்னு தெரியுமா?”

தெரியும். பழைய நெடுஞ்சாலையின் டோல்கேட்டில்தான் ஊரின் முள்வேலி தொடங்குகிறது. நான்கு நாளைக்கு முன் அங்கே மூன்று பேர் வந்து நின்றார்கள். ஓர் ஆள், அவன் மனைவி, அவன் தாய். ஊர்ப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு வேலி திறக்காது. அது மகிழினி போட்ட விதி. மனசு கேட்காமல் ஒரு குடம் தண்ணீர் மட்டும் கொடுத்தனுப்பினாள். அந்த ஆள் தன் பங்கைக் குடிக்கவில்லை, மற்ற இருவருக்கும் கொடுத்துவிட்டான் என்று காவலுக்கு நின்றவர் பிறகு வந்து சொன்னார். நேற்று இரவு அவன் அங்கேயே செத்துப்போனான்.

“பிரணவ்னு பேரு” என்றாள்.

“ரெண்டு தூதர்கிட்டயும் போங்க. இவரை எங்க ஆள்னு யார் ஒத்துக்குறாங்களோ, அவங்ககிட்ட கையெழுத்துப் போடுங்க.”

அணைக் கூட்டரசின் தூதர் பழைய ரேஷன் கடையில் தங்கியிருந்தார். மகிழினி சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மணிக்கட்டுல எண் குத்தியிருக்கா?”

“இல்ல.”

“அப்ப எங்க ஆள் இல்ல.”

“உங்க பக்கத்துலேருந்துதான் நடந்து வந்திருக்காங்க. அவர் பொண்டாட்டி சொன்னா.”

“எங்க ஆளுங்க எங்கேயும் போறதில்ல, தலைவரம்மா” என்றார் தூதர். தலையை நிமிர்த்தவே இல்லை.

துறைமுக ஒன்றியத்தின் தூதர் ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் இருந்தாள். எழுந்து நின்று வரவேற்றாள். பால் விட்ட டீ கொடுத்தாள். பால் வாசனை கண்டு மகிழினிக்கு ஒரு வருடம் இருக்கும். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அது ருசியாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“பாவம்” என்றாள் தூதர். “ஆனா ஒருத்தரை ஒத்துக்கிட்டா எங்க வாசல்ல நிக்கற அத்தனை பேரையும் ஒத்துக்கணுமே. உங்களுக்குத் தெரியாததா?”

“அவர் செத்த இடம் உங்க வரைபடத்துல இருக்கா?”

தூதரின் முகம் மலர்ந்தது. வரைபடத்தை மேஜைமேல் விரித்து விரலை வைத்தாள்.

“டோல்கேட்தானே? இதோ, எங்க எல்லைக்குள்ள. மலைக்காரங்களும் இதைத் தங்களோடதுன்னு வரைஞ்சிருக்காங்க. சண்டையே வந்தாலும் ஒரு அடி விட்டுத் தர மாட்டோம்.”

“அப்ப அவர்?”

“இடம் எங்களுடையது, தலைவரம்மா. ஆள் இல்ல.”

உச்சி வெயிலில் மகிழினி திரும்பி நடந்தாள். வழியில் டோல்கேட். கூரை நிழலில் பிரணவின் தாய் படுத்திருந்தாள். வேலியைப் பிடித்துக்கொண்டு மனைவி நின்றாள். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கேட்பாள் என்று மகிழினி பயந்தாள்.

“புதைச்சாச்சாம்மா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“இன்னும் இல்ல.”

“அவர் பேரை எங்கயாவது எழுதி வைப்பீங்களா?”

மகிழினி தலையாட்டினாள். நிற்க முடியாமல் வேகமாக நடந்தாள். இடுகாடு வந்து சேர்ந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

“ரெண்டும் வேணாம் ஆசான். ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டைதான். நாமளே ஒண்ணு அமைப்போம்.”

“சொல்லுங்க.”

“சுத்தி ஏழு ஊரு இருக்கு. ஏழும் சேர்ந்தா பதினெட்டாயிரம் பேர். எண்ணு குத்த வேணாம். ஆள் பிடிச்சுப் படைக்கு அனுப்ப வேணாம். முதல் விதியை நானே எழுதுவேன். வாசல்ல வந்து நிக்கற யாரையும் எங்க ஆள் இல்லன்னு சொல்லக் கூடாது. அதுதான் முதல் விதி.”

 சொன்னதை அவள் முழுதாக நம்பினாள்.

திவாகர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு தாளும் பென்சிலும் எடுத்து அவளிடம் கொடுத்தார்.

“நல்ல விதி. இப்பவே ஆரம்பிங்க. முதல் ஆளா இவர் பேரையே எழுதுங்க.”

மகிழினி தாளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். ‘பி’ என்று எழுதினாள். பென்சில் நின்றது.

“என்னம்மா?”

“இவரை நம்ம ஆள்னு எழுதினா, குடும்பமும் நம்ம ஆள்தான்.”

“ஆமா.”

“வேலியைத் திறக்கணும்.”

“ஆமா.”

“கிணத்துல தண்ணி இன்னும் இருபது அடி இறங்கிடுச்சு ஆசான். இவங்க ரெண்டு பேரை விட்டா நாளைக்கு முப்பது பேர் வந்து நிப்பாங்க. அவங்களையும் விடணும். ஊர்க்காரங்க என்னை வெட்டிப் போட்டுருவாங்க. அவங்க மேலயும் தப்பில்ல. அவங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.”

திவாகர் பாயில் மொய்த்த ஈக்களைத் துண்டால் விரட்டினார்.

மகிழினி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னாள்.

“செத்தவர் பேரை மட்டும் எழுதிக்கிறேன்.”

திவாகருக்கு அது வியப்பாக இல்லை. குழிக்குள் இறங்கி இரண்டு கைகளையும் நீட்டினார்.

“கால் பக்கம் பிடிங்க.”

அவள் பிடித்தாள். உடல் கனக்கவே இல்லை. அவர் அதை வாங்கிக் கிடத்தி, தலையைச் சரிசெய்தார். குழிக்குள் நின்றபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“எங்க சாசனத்துலயும் முதல் பக்கம் பூரா செத்தவங்க பேருதான்மா.”