இரண்டு மண்டபம் காட்டிய கண்ணாடி

சேர்மன் செங்கோடனின் பழைய அம்பாசிடரில் முன்பக்கக் கண்ணாடி நெடுக விரிசல். "இது ஒட்டினா நிக்காதுங்க, மாத்தணும்" என்றார் மெக்கானிக்.

"அப்பா காலத்துக் கண்ணாடி. குறை சொல்றவன் வேலையை விட்டுப் போகலாம்" என்றார் சேர்மன். டிரைவர் மயில்சாமி அப்படியே வண்டியை எடுத்தார்.

மறுநாள் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பி, மண்டபத்தில் மாலையோடு இறங்கிய சேர்மன், வாசலில் சந்தனம் நீட்டியவரைப் பார்த்து விழித்தார். பேச்சுவார்த்தையே இல்லாத பங்காளி வரதராஜு. கையைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார். யார் கல்யாணம், எப்படி வந்தோம், ஒன்றும் புரியவில்லை.

"ஏண்டா இங்கே நிறுத்தினே?" வெளியே வந்ததும் மயில்சாமியிடம் கேட்டார் சேர்மன்.

"கண்ணாடியில ரெண்டு மண்டபம் தெரிஞ்சுதுங்க. குறை சொல்லக் கூடாதுன்னீங்க, ஒண்ணுல நிறுத்திட்டேன்."

திரும்பும்போது தூரத்தில் லாரி வந்தது. சேர்மன் முன்னால் எட்டிப் பார்த்தார். "எத்தனை லாரிடா தெரியுது?"

"ரெண்டுங்க. நடுவுல போயிடலாமுங்க."

வண்டியை ஓரங்கட்டச் சொன்ன சேர்மன், மெக்கானிக் கடைக்கு நடந்தே போனார்.